‘வெறும் எம்.பி.பி.எஸ்.’ஸோடு நிற்பதா, நிபுணராவதா? உள்ளகப் பயிற்சி முடிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்குத் தெரிவானால் வீட்டு வாசலில் வெடி கொளுத்துவார்கள். அதே பிள்ளை ஐந்து வருடம் படித்து, பிறகு ஒரு வருடம் உறக்கம் கெட்டு உள்ளகப் பயிற்சியையும் முடித்துவிட்டு ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியம்மா கேட்பார்: “வெறும் எம்.பி.பி.எஸ்.தானா பிள்ளை, ஸ்பெஷலிஸ்டுக்குப் படிக்கவில்லையா?”

அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்கு அஞ்சியே பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன். இன்று குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஆகவே என் தராசு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள். பொது மருத்துவமா, சிறப்புத் துறையா என்று முடிவெடுப்பதற்கு முன் என்னென்ன செய்து பார்க்கலாம், எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வருடக் கணக்கு

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இடப்பக்கத்தில் உங்கள் வயதை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 26 அல்லது 27 வயதில் பட்டம். அதன் பிறகு உள்ளகப் பயிற்சிக்காகக் காத்திருக்கும் மாதங்கள். பிறகு ஆறு மாதம் ஒரு துறையிலும் ஆறு மாதம் இன்னொரு துறையிலுமாக அந்த ஒரு வருடம். இவ்வளவும் எல்லோருக்கும் பொது. பாதை பிரிவது இதற்குப் பிறகுதான்.

இலங்கையில் நிபுணராவதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம்தான் வாசல். நொரிஸ் கனால் வீதியில் இருக்கிற அந்த நிறுவகம் 1980இல் தொடங்கியது. தெரிவுப் பரீட்சை, பதிவாளராக, அதாவது நிபுணர் ஒருவரின் கீழ் பயிலும் மருத்துவராகச் சில வருடம், எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சை, சிரேஷ்ட பதிவாளர் காலம், பெரும்பாலான துறைகளில் ஒரு வருட வெளிநாட்டுப் பயிற்சி, அதற்குப் பிறகே நிபுணர் என்ற சான்றிதழ். எந்தத் துறைக்கு எத்தனை வருடம் என்பதை நிறுவகத்தின் அந்தந்தப் பாடத்திட்டத்திலேயே பாருங்கள். நண்பர் சொன்னதை நம்பாதீர்கள், ஏனென்றால் அவர் எழுதிய வருடத்துக்குப் பின் அது மாறியிருக்கலாம். என்னோடு படித்த நண்பர்கள் நிபுணர் என்று பலகை மாட்டியபோது முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார்கள். ஒரு தவணை பரீட்சை தவறினால் தாளில் அம்புக்குறி கீழே இறங்கும். அதையும் எழுதிப் பாருங்கள். இரண்டு தவணை தவறினால் எங்கே நிற்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இந்தத் தாளில் பலர் எழுத மறப்பது பிணைக் கடன். சம்பளத்துடன் விடுப்புப் பெற்று வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர் திரும்பி வந்து அரச சேவையில் இத்தனை காலம் இருப்பேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். பயிற்சியில் கழியும் வருடம் வேறு, கடனாகத் தீர்க்கவேண்டிய வருடம் வேறு.

இதை எனக்குத் தெளிவாக விளங்கவைத்தவன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மச்சாளின் மகன். அவன் அந்த நாட்டுக் கடற்படையின் புலமைப்பரிசிலில் மருத்துவம் படித்தான். அங்கே கணக்கு வெளிப்படையானது: நான்கு வருடப் படிப்புச் செலவைப் படை ஏற்றால், நான்கு வருடம் படையில் மருத்துவராக உழைத்துத் தீர்க்கவேண்டும். பெதஸ்டாவில் படைகளுக்கென்றே நடக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்தோடு படித்தவருக்கு அது ஏழு வருடம். உள்ளகப் பயிற்சியோ சிறப்புப் பயிற்சியோ செய்யும் காலம் அந்தக் கடனைக் குறைக்காது. உள்ளகப் பயிற்சி முடிந்ததும் அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: நேரே சிறப்புப் பயிற்சிக்குப் போய்க் கடனைப் பின்னுக்குத் தள்ளுவது, அல்லது பொது மருத்துவ அதிகாரியாகப் படைப்பிரிவு ஒன்றோடு போய்க் கடனைக் கழிக்கத் தொடங்குவது. அவன் இரண்டாவதை எடுத்தான். இரண்டு வருடம் இருபது வயதுப் பையன்களின் சுளுக்கையும் தோல் அரிப்பையும் உறக்கமின்மையையும் பார்த்தான். “மாமா, மருந்தை விட அவர்கள் வீட்டுக் கதையைத்தான் அதிகம் கேட்டேன்” என்று தொலைபேசியில் சொன்னான். தனக்கு மனநல மருத்துவம்தான் பொருந்தும் என்பதை அந்த இரண்டு வருடத்தில்தான் கண்டுபிடித்தான். பிறகு அந்தச் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்தான்.

நம் நாட்டுப் படைகளிலும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் 2009இல் தொடங்கியது. சீருடை போட்டவர்களும் நிபுணராக வேண்டுமென்றால் இதே நொரிஸ் கனால் வீதிக்குத்தான் வரவேண்டும். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. ஆனால் மருமகன் செய்த ஒரு காரியத்தை நாமும் செய்யலாம்: பரீட்சைக்கு முன் ஒரு வருடமாவது பொது மருத்துவராக எங்காவது இருந்து பார்ப்பது.

ஒரு கொப்பி வாங்குங்கள்

நாற்பது பக்கக் கொப்பி போதும். உள்ளகப் பயிற்சிக் காலத்தில் வாரம் ஒரு முறை, உறங்கப் போவதற்கு முன், இரண்டு வரி எழுதுங்கள். இந்த வாரம் வீட்டுக்கு வந்த பின்னும் நினைவில் நின்ற நோயாளி யார்? யாருடைய கட்டிலுக்குப் போகாமல் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பினேன்? பெயர் எழுதவேண்டாம், என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்பது போதும்.

ஆறு மாதம் கழித்து என் கொப்பியைப் புரட்டியபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஈசிஜியில் கண்ட அரிய கோளாறு ஒன்றைப் பற்றி நண்பர்களிடம் பெருமையாகப் பேசியிருந்தேன், கொப்பியில் அது ஒரு வரிகூட இல்லை. இருந்ததெல்லாம் இப்படித்தான்: ‘நீரிழிவுக்காரர், இன்சுலினை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லை, பக்கத்து வீட்டில் வைக்கிறார், அவர்களோடு சண்டை, மூன்று நாளாகப் போடவில்லை.’ அந்த வைத்தியசாலை விடுதியில் எல்லோரும் அவருடைய சீனி ஏன் ஏறியது என்று தொற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னோடு அதே விடுதியில் இருந்த நண்பன் ஒருவனின் மனம் வேறு மாதிரி. அவன் இப்போது சத்திரசிகிச்சை நிபுணர். கிளினிக்கில் நோயாளி கதையை நீட்டினால் அவன் பேனையைத் தட்டத் தொடங்கிவிடுவான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வயிற்றுக்குள் குருதி பெருகிய ஒருவரைக் கொண்டுவந்தபோது அவனைப் பார்க்கவேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் குரல் தாழ்ந்தது, கை நிதானமானது, குருதி கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கிளிப்பைப் போட்டதும் மயக்கமருந்து கொடுப்பவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். “கத்தி கையில் இருக்கும்போது உலகம் ஒரு சாண் அகலம்தான் மச்சான், அது எனக்குப் பெரிய ஆறுதல்” என்று பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னான். உலகம் ஒரு சாணாகச் சுருங்குவது உங்களுக்கு ஆறுதலா, மூச்சுத்திணறலா? கொப்பியில் தேடவேண்டியது இதைத்தான்.

பதினொன்றரை மணி வெளிநோயாளர் பிரிவு

அடுத்து, பொது மருத்துவத்தைப் பற்றிய உங்கள் கற்பனையைச் சரிபார்க்கவேண்டும். மாணவராகப் பெரியாஸ்பத்திரியில் பார்த்த வெளிநோயாளர் பிரிவை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிரதேச வைத்தியசாலை ஒன்றிலோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு ஒன்றிலோ இருந்து பாருங்கள். காலை எட்டரைக்கு எல்லோரும் நல்லவர்கள்தான். பதினொன்றரை மணிக்கு வெளியே இன்னும் அறுபது பேர் இருக்கும்போது நீங்கள் யார் என்பது முக்கியம்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த அறுபது பேரில் பாதிப் பேருக்கு இருமல், தடிமன், மூட்டு வலி. சிலருக்கு லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். “ஒரு ஊசி போட்டுவிடுங்கள் ஐயா” என்பவருக்கு ஊசி ஏன் வேண்டாம் என்று விளக்குவதை விட ஊசி போடுவது விரைவான வேலை. அதைப் போடாமல் விடுவதற்கு ஒவ்வொரு நாளும் பொறுமை வேண்டும். இந்தச் சலிப்பை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் இதுவும் அங்கேதான் நடக்கும். தீவகத்தில் நான் வேலை செய்த வைத்தியசாலைக்கு எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்தார். “தலை சுற்றுகிறது பிள்ளை. காலையில் கிணற்றடியில் விழப் பார்த்தேன்.” படுக்கவைத்துக் குருதி அமுக்கம் பார்த்தேன்: மேல் அளவு 122. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன்: 90. “என்னென்ன மருந்து குடிக்கிறீர்கள்?” என்றால், “எல்லாம் இதற்குள் இருக்கிறது” என்று ஒரு சொப்பிங் பையைத் தந்தார். மேசையில் கொட்டினேன். நான்கு கிளினிக் கொப்பிகள், மருந்துக்கடைக் காகித உறைகள், பாதி வெட்டிய அட்டைகள். ஒவ்வொன்றாக அடுக்கினேன். குருதி அமுக்கத்தைக் குறைக்கும் லொசாட்டான் ஒன்று அரசக் கிளினிக்கின் வெள்ளை உறையில் இருந்தது. அதே லொசாட்டான் வேறொரு வணிகப் பெயரில், பளபளக்கும் பெட்டியில், தனியாரிடம் காட்டியபோது எழுதியது. அம்மா இரண்டையும் தவறாமல் குடித்து வந்திருக்கிறார். எழுதிய இரண்டு நிபுணர்களும் அவரவர் அளவில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் இதயத்தைப் பார்த்தார், மற்றவர் சிறுநீரகத்தைப் பார்த்தார். பையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒன்றை நிறுத்தி, மிகுதியைக் காலை, மாலை என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்க இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. வெளியே இருந்தவர்கள் என்னைத் திட்டியது உள்ளே கேட்டது. அந்த இருபத்தைந்து நிமிடம் உங்களுக்கு மருத்துவமாகத் தெரிகிறதா, அல்லது தாதியிடம் விட்டிருக்கவேண்டிய எழுத்து வேலையாகத் தெரிகிறதா?

காய்ச்சலும் அப்படித்தான். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். மாரிக்காலத்தில் நம்மிடம் வரும் காய்ச்சல்காரர் அனேகருக்கு டெங்குவா என்ற ஒரு சந்தேகம்தான் எழும். “கடைசியாக எப்போது வயலுக்குள் இறங்கினீர்கள்? காலில் புண் இருந்ததா?” என்று முதல் நாளே கேட்கவேண்டியவர் சிறுநீரக நிபுணர் அல்ல. அவரிடம் போகும்போது சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கும்.

குடும்ப மருத்துவமும் ஒரு படிப்புத்தான்

பரீட்சையில் தவறியவர் ஒதுங்கும் மடம் என்று பொது மருத்துவத்தை நினைப்பது நம் ஊரின் பழைய பிழை. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திலேயே குடும்ப மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் உண்டு, எம்.டி.யும் உண்டு. இலங்கைப் பொது மருத்துவர் கல்லூரி 1974இல் தொடங்கியது. அது தன் உறுப்புரிமைப் பரீட்சையை நடத்துகிறது. யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத் துறை இருக்கிறது. அங்கே ஒரு நாள் போய் ஆசிரியர்களோடு பேசுங்கள். வாசலில் நிற்கும் மாணவர்களோடும் பேசுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்கள் இதையும் அறிந்துகொள்ளவேண்டும்: பிரித்தானியாவில் பொது மருத்துவர் என்று பெயர்ப்பலகை போடுவதற்கே தனியாக மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது.

பரீட்சை எழுதாமல், டிப்ளோமாவும் படிக்காமல், வெளிநோயாளர் பிரிவில் இருபது வருடம் அதே மூன்று மருந்தை எழுதிக்கொண்டிருப்பது ஒரு மூன்றாவது வழி. அதில் பலர் தெரியாமலே போய் விழுகிறார்கள். நான் பயப்படச் சொல்வது அதற்குத்தான்.

மொழி, வீடு, பணம்

பதிவாளர் காலத்தின் பெரும்பகுதி கொழும்பிலோ கண்டியிலோ வேறு தென்பகுதி நகரத்திலோ கழியும். நோயாளி “பப்புவ ரிதெனவா” (நெஞ்சு நோகிறது) என்று சிங்களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் தாதியைத் திரும்பிப் பார்க்கிறவர் நல்ல பதிவாளராக நேரம் எடுக்கும். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கி நம் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். இன்று நாம் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விசாரித்து, சிங்களத்தில் வேலைக்குப் போகிறோம். ஆகவே, சிறப்புத் துறை என்று முடிவெடுத்தால், பாடப்புத்தகத்துக்கு முன் சிங்களத்தைத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஒரு வருடம். இலக்கணம் பிறகு வரட்டும். நோயாளி சொல்லும் முறைப்பாடுகளை முதலில் பிடியுங்கள்.

இன்னொரு கேள்வி: நீங்கள் படிக்கப்போகும் உபதுறைக்கு வேண்டிய இயந்திரமும் ஆளணியும் நாட்டில் எத்தனை வைத்தியசாலைகளில் இருக்கின்றன? இரண்டில் மட்டும் இருந்தால், நீங்கள் ஊருக்குத் திரும்புவதை அந்த இயந்திரம்தான் தீர்மானிக்கும். அம்மா அப்பாவைப் பார்க்க வடமராட்சியில் வேறு பிள்ளைகள் இல்லை என்றால் இது சிறிய விஷயம் அல்ல. கணவன், மனைவி இருவரும் மருத்துவர் என்றால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒன்றாகப் பாருங்கள். இருவரும் ஒரே வருடத்தில் பதிவாளராவது என்பது பிள்ளையை அம்மம்மா வளர்ப்பது என்று பொருள். அம்மம்மாவிடமும் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. நிபுணர் ஒரு நோயாளிக்கு அதிகம் வாங்குவார், ஆனால் பத்து வருடம் பிந்தித் தொடங்குவார். பொது மருத்துவர் மாலைக் கிளினிக்கை முந்தித் தொடங்குவார், ஆனால் கூட்டம் சேரும்வரை வாடகையைக் கையால் கட்டுவார். ஊரில் இரண்டு வகையினரும் வீடு கட்டியிருக்கிறார்கள்.

பரீட்சையை ஒரு முறை எழுதிப் பார்க்கலாமா?

எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன் உங்களுக்குள் ஓர் எல்லையை வைத்துவிடுங்கள்: எத்தனை தவணை, எந்த வயது வரை. எல்லை வைக்காமல் ஆறாவது தடவை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறார்களோ என்று தோன்றும்.

நான் பொது வைத்தியத் துறைத் தெரிவுப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினேன். பெயரில் ‘பொது’ இருந்தாலும் அது நிபுணராவதற்கான ஒரு சிறப்புத் துறை; இதுவரை நான் சொன்ன பொது மருத்துவம் வேறு. இரண்டாம் தடவை முடிவு வந்தபோது சுன்னாகம் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் பட்டியலைக் கீழே இறக்கி, மேலே ஏற்றிப் பார்த்தேன். என் இலக்கம் இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, பசி வந்தது. மூன்று மாதமாக எனக்கு ஒழுங்காகப் பசித்ததில்லை. பக்கத்துக் கடையில் நான்கு தோசை சாப்பிட்டேன். அடுத்த வாரம் குடும்ப மருத்துவ டிப்ளோமாவின் சுற்றறிக்கையை வாசித்தேன்.

எல்லோருக்கும் அப்படிப் பசிக்கும் என்று சொல்லவில்லை. தவறிய அன்றிரவே திரும்பப் புத்தகத்தைத் திறந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். மூன்றாவது தடவையில் சித்தியடைந்து இன்று சிறுவர் மருத்துவ நிபுணர். அவளுடைய கொப்பியில் குழந்தைகளைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

உள்ளகப் பயிற்சி முடியும் கடைசி வாரம்

முடிவு எதுவானாலும் இந்த வாரத்தில் செய்யவேண்டிய சில வேலைகள் உண்டு. இரண்டு துறை நிபுணர்களிடமும் பயிற்சி முடித்த சான்றிதழில் கையொப்பம் வாங்குங்கள்; அவர் மாற்றலாகிப் போன பின் தேடிப் போவது பெரிய அலைச்சல். மருத்துவச் சபையில் முழுப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் விரும்பும் பரீட்சைக்கு உள்ளகப் பயிற்சிக்குப் பின் எவ்வளவு காலச் சேவை வேண்டும் என்பதைப் புதிய சுற்றறிக்கையில் பார்த்து, அந்த நாளைத் தாளில் குறியுங்கள். நியமனப் பட்டியலில் இடம் தெரிவு செய்யும்போது பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஓர் இடமும் பிரதேச வைத்தியசாலை ஒன்றும் கிடைக்கக்கூடியதாக இருந்தால், ஒரு வருடத்துக்காவது இரண்டாவதை எடுங்கள். வெளிநோயாளர் பிரிவும் அந்தப் பதினொன்றரை மணியும் அங்கேதான் கிடைக்கும்.

உங்கள் நிபுணரிடம் போய், “சேர், நான் எதற்குப் பொருத்தம் என்று நினைக்கிறீர்கள்?” என்று நேரே கேளுங்கள். ஆறு மாதம் உங்களை அதிகாலையிலும் நள்ளிரவிலும் பார்த்தவர் அவர். பதில் கசக்கலாம். கொப்பியில் எழுதி வையுங்கள்.

எல்லாச் சான்றிதழ்களையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதைக் காணி உறுதியோடு சேர்த்து றங்குப் பெட்டியின் அடியில் வைப்பார். தேவைப்படும் நாளில் உங்கள் கோப்பில் இல்லாதது அங்கே இருக்கும்.